மூக்கைத் தூக்காத படகு

வெண்பாறை எஸ்டேட் மருந்தகம்,
மேகமலை.
10 ஜூன் 2024

திரு. க. அருண்பாண்டி,
உரிமையாளர், பைபர் பட்டறை,
சின்னமனூர்.

ஐயா,

எங்கள் எஸ்டேட்டுக்குச் சொந்தமான பதினாறடி பைபர் ஸ்பீட் போட் ஒன்று, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் பல வருடமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சீர்செய்து, செத்துப்போன எஞ்சினுக்குப் பதிலாகப் புது எஞ்சின் மாட்டி, ஏரியில் ஓடவிட வேண்டும். தங்கள் பட்டறையில் இந்த வேலை ஆகுமா என்று தெரிவிக்கவும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு அக்கரையில் பதினான்கு குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. மருந்தகம், பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம் இக்கரையில். சுற்றி வருகிற ஜீப் பாதை ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அறுந்துபோகிறது. இந்த வருடம் மேனேஜர் சசிதரன் அக்கரை லைனை மூடிவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். பாதை இல்லாத இடத்தில் ஆட்களை வைத்திருந்து, யாருக்காவது ஒன்று ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். மூடினால் அந்தக் குடும்பங்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. படகு சும்மாதானே கிடக்கிறது என்று நான் கேட்டேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி படகு ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தால் லைன் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பைபர் வேலைக்கு வேறு ஆட்களையும் விசாரித்தேன். கம்பத்தில் ஒருவர் பஸ் பம்பர் மட்டும்தான் செய்வாராம். ஆகவே தங்களுக்கு எழுத நேர்ந்தது. இது எஸ்டேட் வேலை சம்பந்தமான கடிதம். பதிலும் அது சம்பந்தமாக மட்டும் இருந்தால் போதும். இங்கே டவர் கிடையாது. ஆபீஸ் போனில் பேசினால் ஆபீஸே கேட்கும். லாரி டிரைவர் விஜய்ராஜிடம் பதிலைக் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
க. தேவயானி,
செவிலியர்.


சின்னமனூர்
14 ஜூன்

அக்கா,

'ஐயா' என்று ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி அனுசுயா, வருமான வரி ஆபீஸிலிருந்துதான் ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோனாள். கடைசியில் உன் பெயரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. வீரபாண்டித் திருவிழாவில் பொங்கல் பானையை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறியவள், ஒரு மாதம் கழித்துக் கூடப் பிறந்த தம்பியை ஐயா என்கிறாய். மருந்து எடுக்கக் கீழே வருகிற அன்றைக்காவது பேசலாம் என்று பார்த்தால், என் நம்பரையும் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். சரி, உரிமையாளர் என்றாவது போட்டாயே, அந்த மட்டும் சந்தோஷம்.

வேலை ஆகும். நான் படகு செய்தது கிடையாது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் பாதி மொட்டை மாடியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி என் கை வேலை. மீன் குஞ்சு விடுகிற தொட்டி, சாயத் தொட்டி, கோயில் வளைவு எல்லாம் செய்திருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தொட்டி தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்கிறது, படகு வெளியே வைத்துக்கொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு நசீம் இருக்கிறான். உத்தமபாளையத்துக்காரன், என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். கொச்சியில் படகு எஞ்சின் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டான். மலையாளத்தில் திட்டுவான், வேலையில் குறை சொல்ல முடியாது.

லாரியில் ஏற்றி அனுப்பு. ஆய்வாளரை ஒன்பதாம் தேதி குடை பிடித்து வரச் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
'ஐயா'


வெண்பாறை எஸ்டேட்
2 ஜூலை

அருண்,

படகு இன்று விஜய்ராஜ் லாரியில் வருகிறது. மேலே தேயிலை மூட்டை இல்லை என்று சொல்லி இன்னும் நாலு பேர் ஏறிக்கொள்வார்கள், அவர்களை இறக்கிவிட்ட பிறகு பார்.

படகின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. ஓட்டுபவர் உட்பட ஆறு பேர், நாற்பது குதிரைத் திறன் என்று அதில் போட்டிருக்கிறது. அதை மறைத்து பெயிண்ட் அடிக்கக் கூடாது. இடது பக்க இருக்கையை எடுத்துவிடு. நடக்க முடியாத ஒரு ஆளைப் படுக்க வைக்க அந்த நீளம் வேண்டும். நிறம் உன் இஷ்டம். கோயில் வளைவுக்கு அடிக்கிற ஐந்து நிறத்தையும் அடித்துவிடாதே, ஒன்று போதும்.

அனுசுயாவைக் கேட்டதாகச் சொல்.

தேவயானி


சின்னமனூர்
28 ஜூலை

அக்கா,

முதலில் கெட்ட செய்தி. படகின் பின் சுவரில்தான் எஞ்சின் தொங்க வேண்டும். அது இரண்டு பக்கமும் பைபர், நடுவில் பலகை. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கட்டரைப் போட்டுத் திறந்தால் பலகை என்று ஒன்று இல்லை. ஊறிப்போன பிண்ணாக்கு மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. கையாலேயே அள்ளி வெளியே போட்டோம். இதில் புது எஞ்சினை மாட்டியிருந்தால், எஞ்சின் ஏரிக்கடியிலும் நீ ஏரி நடுவிலும் இருந்திருப்பீர்கள்.

நல்ல செய்தி, மற்ற உடம்பு கெட்டி. அந்தக் காலத்தில் கண்ணாடி இழை மேட்டையும் அதை ஒட்டுகிற ரெசினையும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். பின் சுவருக்குப் படகுக்கென்றே விற்கிற பிளைவுட் வாங்கி, மூன்று பலகையை ரெசினில் ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கி, மேலே ஆறு அடுக்கு மேட் போடுகிறேன். யானையைக் கட்டினாலும் தாங்கும்.

இடைஞ்சல் ஆடிக் காற்றுதான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த மாதத்தில் நம் ஊரில் சோற்றிலேயே மண் விழும். ரெசின் காய்வதற்குள் பாதிச் சின்னமனூர் அதில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரிடம் பழைய வலை வாங்கி, நாலு பக்கமும் இரட்டையாகக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, படகை உள்ளே வைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒரு யோசனை. நசீம் நாற்பது போதும் என்கிறான். எனக்கு அறுபது போட ஆசை. கிணற்று மோட்டாரில் குதிரைத் திறன் கூட்டினால் தண்ணீர் கூடுகிறதா இல்லையா? மேனேஜரிடம் பேசிப் பார்.

போல்ட் எல்லாம் உனக்குப் பார்த்த போடிக்காரர் கடையில்தான் வாங்கினேன். 'அக்கா சௌக்கியமா இருக்காகளா'ன்னு விசாரித்தார். திருவிழாவில் நீ அப்படி எழுந்து போனதற்குக்கூட அவருக்குக் கோபமில்லை. நல்ல மனிதர் அக்கா. படகு வேலை முடிந்ததும் நிதானமாக யோசி. இன்னும் எத்தனை காலத்துக்கு மலையில் ஒற்றையில் கிடப்பாய்?

அருண்


வெண்பாறை எஸ்டேட்
5 ஆகஸ்ட்

அருண்,

எஞ்சினை முதலில் முடித்துவிடுகிறேன். நாற்பதுதான். தகட்டில் உள்ளதற்கு மேல் மாட்டினால் ஆய்வாளர் படகில் கால் வைக்காமலே திரும்பிப் போய்விடுவார். புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் அதே திறனுக்கே பழையதைவிட எடை கூடுதல் என்று நசீம் உன்னிடம் சொல்லியிருப்பாரே. மருந்தை ஒரு மடங்கு கூட்டி ஊசி போட்டால் நோயாளி ஒரு மடங்கு சீக்கிரம் எழுந்துவிடுவதில்லை.

அடுத்தது. ஒற்றையில் கிடப்பது என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். வீரபாண்டியிலும் இதே வார்த்தைதான். நான் பஸ் ஏறியது போடிக்காரரால் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் பாவம், வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. 'மலையில ஒத்தையில கெடந்து என்னத்தக்கா கண்ட'ன்னு நீ கேட்டாயே, அத்தனை சொந்தமும் சுற்றி நிற்கும்போது, அதுதான். எனக்கு நெஞ்சு வெந்துபோனது. பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுந்து போனேன்.

இப்போது சொல்கிறேன். அக்கரையில் ராஜாத்தி என்று ஒருத்தி, கொழுந்து எடுப்பவள். அவள் மகளுக்கு வலிப்பு. மாத்திரை ஒரு வேளை தவறக் கூடாது. தவறாமல் இரண்டு வருடமாக அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். லைனை மூடிவிட்டால் அவர்கள் கேரளத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போவார்களோ, அங்கே யார் பார்ப்பார்களோ தெரியாது. இப்படி அந்தப் பதினான்கு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது, அத்தனையும் எனக்குத் தெரியும். நான் ஒற்றையில் இல்லை. இவர்களைவிட்டு இறங்கி வந்தால்தான் ஒற்றை. இனி அந்த வார்த்தையை என்னிடம் எழுதாதே.

போன மாதக் கடைசியில் விஜய்ராஜையும் என்னையும் கடலோரத்தில் படகு ஓட்டும் பயிற்சிக்கு எஸ்டேட்டில் அனுப்பி வைத்தார்கள். விஜய்ராஜ்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. நான் மாற்று ஆள். இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அவர் முகம் சரியில்லை. மலைப் பாதையில் ஒரு கையால் லாரி ஓட்டுகிற மனிதர், 'தண்ணியில பிரேக்கே இல்லையே சிஸ்டர்'ன்னு வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

தேவயானி


சின்னமனூர்
1 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதத்தை அனுசுயா வாங்கிப் படித்துவிட்டாள். மூன்று நாள் எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

படகு முடிந்தது. வந்து பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. வெள்ளை நிறம், ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. ஒரே ஒரு கோடுதான், சத்தியமாக. நாற்பது குதிரைத் திறன் எஞ்சினை எடுத்துவர நசீம் கொச்சிக்குப் போயிருந்தபோது உள் தளத்தைத் திறந்து முழுக்க வேலை பார்த்துவிட்டேன். திறந்தால் அநியாயம். தளத்துக்கடியில் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஓட்டை. பின் சுவரின் பழைய வெளித் தோலின் அடியிலும் வெளியே போகிற மாதிரி ஒரு ஓட்டை. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ. கண்ணில் பட்ட அத்தனை ஓட்டையையும் மேட் வைத்து, ரெசின் விட்டு அடைத்து, மேலே தளத்தை மூடி ஒட்டிவிட்டேன்.

மூடுவதற்கு முன்னால் தொட்டிக்குச் செய்கிற சோதனையைச் செய்தேன். படகை நாலு கட்டை மேல் ஏற்றி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டேன். அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன், ஒரு எழுத்துகூட நனையவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரை வெளியே எடுக்கத்தான் பாதி நாள் ஆனது. ஹோஸ் போட்டு உறிஞ்சி, கடைசியில் பெயிண்ட் டப்பாவால் அள்ளினோம்.

மலைப் பாதையில் எஞ்சினைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் பின் சுவர் ஆடிவிடும் என்று நசீம் சொல்கிறான். அதனால் படகு முதலில் வரும். நீங்கள் தண்ணீரில் இறக்கி வையுங்கள், அவன் வந்து படித்துறையில் வைத்தே மாட்டுவான். எனக்கு உத்தமபாளையத்தில் ஒரு கோயில் வளைவு நிறுத்துகிற வேலை, வர முடியாது.

அருண்


வெண்பாறை எஸ்டேட்
16 செப்டம்பர்

அருண்,

படகு அழகாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப் போவது உனக்குப் பிடிக்காது.

நசீம் எஞ்சினை மாட்டினார். பின்னால் எடை கூடிவிட்டதென்று பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முன்னே நகர்த்தி வைத்தார். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது கொஞ்ச தூரத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அக்கரையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நசீம் இறங்கிப் போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. புது எஞ்சினாயிற்றே என்று அதை மட்டும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டி வைத்தோம். நாலு நாள் கழித்து எடுத்தால் மூக்குத் தூக்கவே இல்லை. எவ்வளவு முறுக்கினாலும் முன்பக்கம் தண்ணீரை உழுதுகொண்டு, குளத்தில் இறங்கிய எருமை போலப் போகிறது. திருப்பினால் ஒரு பக்கம் சாய்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு இன்னும் மோசம். மேனேஜர் கரையிலிருந்து பார்த்துவிட்டு, இது அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்று சொன்னார். விஜய்ராஜிடம் லைன் சாமான்களை இறக்க எத்தனை லோடு ஆகும் என்று கேட்டு வைத்திருக்கிறார். அந்தச் செய்தி எனக்கு முன்னால் அக்கரைக்குப் போய்விட்டது. ராஜாத்தி என்னிடம் மகளுக்கு மூன்று மாதத்துக்கு மாத்திரை சேர்த்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

படகுக்குள் எங்கேயாவது தண்ணீர் கசிகிறதா என்று யோசித்துச் சொல். எனக்கு ஆய்வாளர் வருவதற்குள் இது சரியாகியாக வேண்டும், ஆகும்.

தேவயானி


சின்னமனூர்
18 செப்டம்பர்

அக்கா,

என்ன வேண்டுமானாலும் சொல், கசிவு என்று மட்டும் சொல்லாதே. இரண்டு நாள் விளிம்பு வரை தண்ணீர் நின்ற படகு அது. என் வேலையில் ஒரு சொட்டு உள்ளே வராது, ஒரு சொட்டு வெளியே போகாது. வேண்டுமானால் ஆய்வாளரை வைத்துக்கொண்டே சவால் விடுகிறேன்.

கோளாறு நசீம் பக்கம்தான். பேட்டரியை யார் முன்னே வைக்கச் சொன்னது? பின்னே நகர்த்திப் பார். நசீமைக் கேட்டால் அவன் மலையைக் குறை சொல்கிறான். அந்த உயரத்தில் காற்று மெலிசு, எஞ்சினுக்கு மூச்சு வாங்குமாம். இறக்கைச் சாய்வு குறைந்த புரொப்பல்லர் போட்டால் சரியாகும் என்று ஒன்றைக் கொடுத்தான். விஜய்ராஜிடம் அனுப்பியிருக்கிறேன். மாட்டிவிட்டுச் சொல்.

ராஜாத்தியிடம் மாத்திரையை மாதாமாதம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

அருண்


வெண்பாறை எஸ்டேட்
23 செப்டம்பர்

தம்பி,

புரொப்பல்லரை மாற்றினோம். எஞ்சின் நன்றாக முறுக்கியது, மூக்கு எழவில்லை. பேட்டரியையும் டாங்கையும் பின்னே கொண்டுபோனோம், எழவில்லை. விஜய்ராஜ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, 'நமக்கு லாரியே போதும் சிஸ்டர்'ன்னு போய்விட்டார். இனி நான்தான் ஓட்ட வேண்டும்.

நேற்று மத்தியானம் மழை விட்ட பிறகு படகில் போய் உட்கார்ந்தேன். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வருகிற நோயாளிகளைப் படுக்க வைத்து, ஒரு விரலை வயிற்றில் வைத்து இன்னொரு விரலால் தட்டிப் பார்ப்போம். காற்று இருக்கிற இடத்தில் கணீரென்று கேட்கும், நீர் இருக்கிற இடத்தில் மந்தமாகக் கேட்கும். அந்த ஞாபகத்தில் படகின் தளத்தைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே முன்னே போனேன். பின்னால் கணீரென்றுதான் இருந்தது. முன்பக்கம் போனதும் சத்தம் செத்துப்போனது. படகை ஆட்டிக் காதை வைத்துக் கேட்டேன். தளத்துக்கடியில் தண்ணீர் அலம்புகிறது.

எங்கே நுழைந்தது என்று தேடினேன். முன்னால் நங்கூரக் கயிறு வைக்கிற அறையின் மூடி வழியாக மழை இறங்கியிருக்கிறது. அந்த அறையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, கயிற்றுக்கடியில் மறைந்து கிடந்ததால் அதை மட்டும் நீ விட்டுவிட்டாய். அது வழியாகத் தண்ணீர் தளத்துக்கடியில் போய்விட்டது. பழைய படகில் அங்கிருந்து சட்டத்தின் ஓட்டை வழியாக அடுத்த சட்டம், அதற்கடுத்த சட்டம் என்று பின் சுவர் வரை ஓடி வந்துவிடும். பின் சுவரின் ஓட்டையில் ஒரு அடைப்பான் இருக்கும். கரையேற்றியதும் அதைத் திருகித் தண்ணீரை விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியில் தினமும் சொன்னார்கள். நம் படகில் அது இருந்த இடத்தைத் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருக்கிறது.

உன் வேலையில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, அருண். அதுதான் கோளாறு. நீ தொட்டி செய்திருக்கிறாய். முன்பக்கம் ஒரு தொட்டித் தண்ணீரைச் சுமந்துகொண்டு படகு எப்படி மூக்கைத் தூக்கும்?

எனக்குக் கோபம் இல்லை. கண்டுபிடித்ததும் படகில் உட்கார்ந்தபடியே தனியாகச் சிரித்தேன். ஓட்டை போட உனக்கு மனசு வராது என்று தெரியும். ஆனாலும் டிரில்லை எடுத்துக்கொண்டு ஏறி வா. நீ செய்த படகில் வேறு யாரும் கை வைக்க நான் விடமாட்டேன்.

அக்கா


சின்னமனூர்
12 அக்டோபர்

அக்கா,

சோதனை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியில் ஏறி வந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். அங்கே இருந்து பேச முடியவில்லை. இங்கே வந்து எழுதுகிறேன்.

முதல் ஓட்டை போடுவதற்கு முன் டிரில்லை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். இருபது வருடமாக ஓட்டையை அடைத்தே சோறு தின்கிறவன். படகைக் கரையேற்றி, உன் கண் முன்னாலேயே தளத்தை வட்டமாக வெட்டி, சட்டத்துக்குச் சட்டம் துளைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பின் சுவரைத் துளைத்தபோது பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து என் சட்டையெல்லாம் நனைத்ததே, அப்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓட்டையின் உள் விளிம்புக்கெல்லாம் இரண்டு கை ரெசின் பூசியிருக்கிறேன், பலகைக்குள் ஈரம் இறங்காது. பித்தளை அடைப்பானை மாதம் ஒருமுறை கழற்றிப் பார். நசீமிடம் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னதை எழுத முடியாது.

ஒன்பதாம் தேதியைப் பற்றி. ஆறு பேர் ஏறினால்தான் சோதனை என்று ஆய்வாளர் சொன்னார். எருமை மாதிரிப் போனதைப் பார்த்திருந்த ஜனம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் வேலையில் நானே உட்காரவில்லை என்றால் வேறு யார் உட்காருவார்கள்? அடுத்து ராஜாத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள்.

ஆய்வாளர், ஓட்டுகிற ஆள் எங்கே என்று தேடினார். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சக்கரத்துக்குப் பின்னால் நின்றாய். அவர் சான்றிதழை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். மூக்கு எழுந்தபோது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பயம் போய்விட்டது. நான் திரும்பித் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தாய். ஏரி நடுவில் முழு வேகத்தில் வட்டமடிக்கச் சொன்னார், அடித்தாய். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாய். என் அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கரைக்கு வரும்போது ராஜாத்தி என்னிடம், 'நீங்கதான் சிஸ்டரு தம்பியா? அவுக இங்கன இருக்கப் போயித்தான் நாங்க இருக்கோம்'னு சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். வீரபாண்டியில் நான் உன்னைக் கேட்டதற்கு இது பதில் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவதைக்கூடப் பார்க்காமல் லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

நேற்று போடிக்கு நேரில் போனேன். 'எங்க அக்கா இறங்கி வர மாட்டாகண்ணே. அவுகளுக்கு மேல வேலை இருக்கு'ன்னு சொல்லிவிட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். இனி இந்தப் பேச்சு நம் வீட்டில் வராது. வந்தால் அனுசுயா ரசத்தையும் நிறுத்திவிடுவாள்.

அருண்


வெண்பாறை எஸ்டேட்
6 நவம்பர்

அன்புத் தம்பிக்கு,

தீபாவளிக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு விடாத மழை, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அனுசுயா அனுப்பிய அதிரசம் படகிலேயே தீர்ந்துபோனது, என் பங்குக்கு ஒன்று கிடைத்தது.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இரண்டு நடையாகக் கொண்டுவந்துவிட்டு மருந்தகத்தைத் திறக்கிறேன். சனிக்கிழமை ரேஷன் அரிசி. படுக்க வைக்க நீ விட்ட இடத்தில் இதுவரை ஒரே ஒருவர்தான் படுத்துவந்தார், இடுப்புப் பிடிப்பு. அதற்கே மேனேஜர் கரைக்கு வந்து நின்றார். படகுக்கு என்ன பெயர் வைப்பது என்று இங்கே பெரிய சண்டை நடக்கிறது, நான் தலையிடவில்லை. விஜய்ராஜ் ஒருமுறை ஏறினார், கண்ணை மூடிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தார். படகைக் கரையேற்றி அடைப்பானைக் கழற்றிப் பார்த்தேன். வர வேண்டிய தண்ணீர் வந்துவிடுகிறது.

நேற்று மத்தியானம் மேனேஜர் ஜீப்பில் அக்கரைக்குக் கிளம்பிப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். ஓடை போகிற இடத்தில் பாதை மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விட்டதாம். தை மாதம் வரை சரிசெய்ய முடியாது என்று சொன்னார். போன வருடம் பாதை அறுந்த அன்று அக்கரையில் அழுகைச் சத்தம் இங்கே வரை கேட்டது. நான் உடனே படகை எடுத்துக்கொண்டு போனேன்.

கொழுந்து எடைபோட வரிசையில் நின்றார்கள். பாதை போய்விட்டது என்று சொன்னேன். ராஜாத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, 'அப்படியா, எப்பப் போச்சு?'ன்னு கேட்டாள். ஓடையைப் பார்த்தால் முந்தின நாளே போயிருக்க வேண்டும். ஒருவரும் கவனிக்கவில்லை.

உன் அக்கா,
தேவயானி